புதிதாக ஆர்மிக்குள் வந்தவர்களுக்கு: எங்கே தொடங்கலாம், எதற்கு அவசரப்பட வேண்டாம்

யூடியூபில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அது முடிந்ததும் பிடிஎஸ் என்ற கொரியக் குழுவின் பாட்டு ஒன்று தானாக ஓடியது. இப்போது மூன்று வாரம் ஆகிறது. ஏழு பேரில் நாலு பேரின் முகம் பிடிபட்டுவிட்டது. மீதி மூன்று பேர் முடியின் நிறத்தை மாற்றும்போதெல்லாம் குழம்பிப்போகிறீர்கள். அவர்களின் ரசிகர்கள், அதாவது ஆர்மி, பேசிக்கொள்வதை எட்டிப் பார்த்தால் பயஸ், கம்பேக், ஃபெஸ்டா, ஓடி7, ஜிஓ என்று தனிப் பாஷையாக இருக்கிறது. கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று கேட்கவும் தயக்கம்.

2018-ல் நானும் அப்படித்தான் வந்து நின்றேன். தமிழில் எடுத்துச் சொல்ல அப்போது எனக்கு ஆள் கிடைக்கவில்லை. தப்புச் செய்து, கொஞ்சம் காசும் போய்க் கற்றுக்கொண்டேன். புதிதாக வருகிற ஒருவர் முதல் மூன்று மாதத்தில் என்ன செய்யலாம் என்று என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் ஏழு பெயர்

பெயர்களை மனப்பாடம் செய்ய ஒரு சுலபமான வழி உண்டு. கச்சேரியில் ரசிகர்கள் பாட்டுக்கு நடுவே ஒரே குரலில் கூவுவதற்கு ஃபேன்சாண்ட் என்று பெயர். பிடிஎஸ்ஸின் அடிப்படை ஃபேன்சாண்ட் இது: கிம் நம்ஜுன், கிம் சொக்ஜின், மின் யுன்கி, ஜங் ஹோசொக், பாக் ஜிமின், கிம் டேஹ்யுங், ஜொன் ஜங்குக், பிடிஎஸ்!

பத்து முறை உரக்கச் சொல்லிப் பாருங்கள், வாயில் நின்றுவிடும். மேடைப் பெயர்களும் அதே வரிசையில்தான்: ஆர்எம், ஜின், சுகா, ஜே-ஹோப், ஜிமின், வி, ஜங்குக். தலைவர் என்பதால் ஆர்எம் முதலில் வருகிறார். அவருக்குப் பின்னால் எல்லாம் வயது வரிசை. 1992-ல் பிறந்த ஜின் மூத்தவர், 1997-ல் பிறந்த ஜங்குக் கடைக்குட்டி. ஃபேன்சாண்டைத் தெரிந்துகொண்டால் யார் யாருக்கு அண்ணன் என்பதும் கூடவே தெரிந்துவிடும். அது எவ்வளவு உதவும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். நம் இனிஷியல் போல அங்கே குடும்பப் பெயர் முன்னால் வரும். கிம் என்று மூன்று பேர் இருப்பதால் உறவுக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கொரியாவில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கிம்.

ஊரையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சுகாவும் வியும் டேகு. ஜிமினும் ஜங்குக்கும் பூசான். ஜே-ஹோப் குவாங்ஜு. ஆர்எம்மும் ஜின்னும் சியோலை ஒட்டிய ஊர்களில் வளர்ந்தவர்கள். நெல்லைத் தமிழும் கோவைத் தமிழும் எப்படியோ, டேகு பேச்சும் குவாங்ஜு பேச்சும் அப்படி. 2013-லேயே இந்த வட்டார வழக்குகளை ஒன்றோடொன்று மோதவிட்டு ஒரு ராப் பாட்டு செய்திருக்கிறார்கள். ஊர்ப் பேச்சைப் பேசினால் பட்டணத்தில் சிரிப்பார்களோ என்று கூசி நின்ற யாருக்கும் அந்தப் பாட்டு நெருக்கமாக இருக்கும்.

பாட்டைக் கேளுங்கள், அதுவும் ஆல்பமாக

புதியவர்கள் பெரும்பாலும் ‘டைனமைட்’, ‘பட்டர்’ வழியாகத்தான் வருகிறார்கள். 2020 ஆகஸ்டில் வந்த ‘டைனமைட்’தான் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் கொரியக் குழுப் பாட்டு. நல்ல பாட்டுதான். ஆனால் அது முழுக்க ஆங்கிலம். அதோடு நின்றுவிட்டால் வாசலோடு திரும்பிப் போனதுபோல் ஆகிவிடும்.

இப்படிப் போங்கள் என்பேன். முதல் வாரம், 2015, 2016-ல் வந்த ‘தி மோஸ்ட் பியூட்டிஃபுல் மொமண்ட் இன் லைஃப்’ வரிசை. கையில் வேலையில்லாத, நாளை என்ன ஆகுமோ என்று பயந்த இளைஞர்களின் பாட்டுகள் அதில் இருக்கின்றன. அடுத்த வாரம் 2016-ன் ‘விங்ஸ்’. அதில் ஏழு பேருக்கும் தனித்தனிப் பாட்டு இருப்பதால் குரல்களைப் பிரித்தறியப் பழகிவிடலாம். மூன்றாவது வாரம் 2018 மே மாதம் வந்த ‘லவ் யுவர்செல்ஃப்: டியர்’ (Tear, கண்ணீர்). பில்போர்டு 200 ஆல்பம் பட்டியலில் முதலிடம் பெற்ற முதல் கொரிய ஆல்பம் அது. ஹெட்போன் போட்டுக்கொண்டு, வேறு வேலை செய்யாமல், வரிகளின் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். மற்றதெல்லாம் காத்திருக்கும்.

வரலாறு இப்போதைக்கு இவ்வளவு போதும். 2013 ஜூன் 13-ல் பிக் ஹிட் என்ற சின்ன நிறுவனத்திலிருந்து அறிமுகமானார்கள். ரசிகர்களுக்கு ஆர்மி என்ற பெயர் அதே ஆண்டு ஜூலை 9-ல் வந்தது. அந்த நிறுவனம் இன்று ஹைப் என்ற பெயரில் இருக்கிறது. கொரியாவில் ஆண்களுக்கு ராணுவப் பணி கட்டாயம். 2022 டிசம்பரில் ஜின் முதலில் போனார். 2025 ஜூன் 21-ல் சுகா கடைசியாக முடித்து வந்தார். இந்த இடைவெளியில் வந்தவை பெரும்பாலும் தனி ஆல்பங்கள். “குழு பிரிந்துவிட்டதா” என்று யாராவது கேட்டால் காரணம் இதுதான்.

சொற்கள்

பயஸ் என்றால் ஏழு பேரில் உங்கள் மனசுக்கு மிக நெருக்கமானவர். அந்த இடத்தை ஆட்டிப் பார்க்கிற இன்னொருவர் பயஸ் ரெக்கர். ஓடி7 என்றால் ஏழு பேரும் சேர்ந்ததே குழு என்று நினைப்பவர். கம்பேக் என்றால் புது ஆல்பத்தோடு வருவது. எங்கேயோ போய்விட்டுத் திரும்பியது என்ற பொருளில் அல்ல. மக்னே, கடைக்குட்டி. ஆர்மி பாம், கச்சேரியில் கையில் பிடிக்கும் உருண்டை விளக்கு. ஃபெஸ்டா, ஜூன் 13-ஐ ஒட்டி ஆண்டுதோறும் நடக்கும் குழுவின் பிறந்தநாள் விழா. ‘போராஹே’ என்பது 2016 நவம்பரில் ஒரு ரசிகர் சந்திப்பில் வி உருவாக்கிய சொல். போரா என்றால் ஊதா. வானவில்லின் கடைசி நிறம் ஊதா என்பதால், கடைசி வரை நம்பி நேசிப்போம் என்று அதற்குப் பொருள் சொன்னார். ஆர்மியில் எங்கு பார்த்தாலும் ஊதா இருப்பது அதனால்தான்.

சஸேங் என்ற சொல்லும் காதில் விழும். கலைஞர்களின் வீட்டையும் விமானத்தையும் போன் எண்ணையும் துரத்துகிறவர்கள் அவர்கள். விமான இருக்கை எண்ணை விற்கிறார்கள், ஹோட்டல் அறையைக் கண்டுபிடித்துப் படம் போடுகிறார்கள் என்றால், அதைப் பார்க்கவும் கூடாது, பகிரவும் கூடாது. 2018-ல் விமான நிலையங்களில் ரசிகர்களே ஊதா ரிப்பனைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்று, இடிபடாமல் பிடிஎஸ் நடந்துபோக வழி செய்தார்கள். ஆர்மி என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ரிப்பன்தான்.

மொழி: நமக்கு ஒரு படி முன்னதாகவே கிடைத்தது

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று பேசுகிறேன். ஆர்மி என்ற கூட்டத்தைத் தாங்கி நிற்பது மொழிபெயர்ப்பாளர்கள்தான் என்பது என் கருத்து. ஏழு பேரில் ஒருவர் நள்ளிரவில் நேரலையில் வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவார். அடுத்த சில மணி நேரத்துக்குள் யாரோ ஒரு ரசிகர் உட்கார்ந்து அதை ஆங்கிலத்தில் எழுதிப் போட்டிருப்பார். அவருக்குச் சம்பளம் இல்லை. காலையில் அவருக்கும் வேலைக்கோ கல்லூரிக்கோ போக வேண்டும். அவர்கள் இல்லாவிட்டால் உலகம் முழுக்க இருக்கும் நம்மில் பெரும்பாலோருக்கு அந்தப் பேச்சு வெறும் சத்தம்தான்.

ஆங்கிலத்தில் போகும்போது எது உதிர்கிறது என்பதைத் தமிழ் தெரிந்தவர்களால் சட்டென்று பிடிக்க முடியும். ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். 2017 பிப்ரவரியில் வந்த ‘ஸ்பிரிங் டே’. கொரியத்தில் அதன் பெயர் ‘பொம் நால்’. பொம் என்றால் வசந்தம், நால் என்றால் நாள். பாட்டு தொடங்குவதே ‘போகோ ஷிப்தா’ என்ற சொற்களோடுதான். ஆங்கில வரிகளில் அதற்கு ‘ஐ மிஸ் யூ’ என்று போட்டிருப்பார்கள். தப்பில்லை. ஆனால் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ‘போகோ’ என்பது பார்ப்பது, ‘ஷிப்தா’ என்பது வேண்டும்போல் இருப்பது. ஊரிலிருந்து பாட்டி போனில் “ஒன்னப் பாக்கணும் போல இருக்குடா” என்று சொல்வாரே, அச்சு அசல் அதுதான். அடுத்த வரியில், இப்படிச் சொன்னதும் இன்னும் அதிகமாகப் பார்க்கணும் போல இருக்கிறது என்று வரும். ஆங்கிலத்தில் படித்தபோது எனக்குப் பாட்டு பிடித்திருந்தது, அவ்வளவுதான். இந்தச் சொல் தமிழில் புரிந்த அன்று அழுதுவிட்டேன்.

அண்ணன் தம்பி முறையும் அப்படித்தான். ஆண் தன் அண்ணனை ஹ்யுங் என்பார், பெண் தன் அண்ணனை ஒப்பா என்பார். ஜங்குக் மற்ற ஆறு பேரையும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஹ்யுங் சேர்த்துத்தான் கூப்பிடுவார். சப்டைட்டிலில் பல நேரம் பெயர் மட்டும் வரும், அந்த மரியாதையும் செல்லமும் காணாமல் போய்விடும். ஜிமினும் வியும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள், அதனால் அவர்களுக்குள் வாடா போடாதான். வயது வரிசையைத் தெரிந்துகொள்ளச் சொன்னது இதற்காகத்தான். யாருக்கு யார் பணிந்து பேசுகிறார், யார் யாரைச் சீண்டுகிறார் என்பதெல்லாம் அப்போதுதான் விளங்கும்.

கொரிய எழுத்தான ஹங்குலைக் கற்றுக்கொள்ளுங்கள். அடிப்படையில் 14 மெய், 10 உயிர், அவ்வளவுதான். உயிரும் மெய்யும் சேர்ந்து ஓர் எழுத்தாவது நமக்குப் புதிதல்ல. தினம் அரை மணி நேரம் என்றால் ஒரு வாரத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். வாக்கியத்தில் வினைச்சொல் நம்மைப் போலக் கடைசியில்தான் வரும். வேற்றுமை உருபும் நம்மைப் போலப் பெயருக்குப் பின்னால்தான் ஒட்டும். அப்பாவை அவர்களும் அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். இரண்டும் ஒரே குடும்ப மொழிகள் என்று மொழியியலாளர்கள் பொதுவாக ஏற்பதில்லை. அந்த வாதம் நமக்கு வேண்டாம், கற்றுக்கொள்ளச் சுலபமாக இருக்கிறது என்பதே போதும்.

மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தும்போது இரண்டு பழக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, எழுதியவர் பெயரைப் போடாமல் எடுத்துப் பகிராதீர்கள். இன்னொன்று, யாரோ பத்து நொடி வெட்டிப் போட்ட வீடியோவையும் அதன் மேல் எழுதிய வரியையும் பார்த்து உடனே கொதிக்காதீர்கள். குறைந்தது இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். நான் பார்த்த சண்டைகளில் பல, தப்பாகப் பெயர்த்த ஒரே ஒரு வரியில் தொடங்கியவைதான்.

நேரக் கணக்கு

ஆர்மியின் கடிகாரம் கொரிய நேரத்தில் ஓடும். அது இந்திய நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே பகல் ஒரு மணிக்குப் பாட்டு வருகிறது என்றால் நமக்குக் காலை 9.30. அங்கே நள்ளிரவு 12 என்றால் நமக்கு முந்தைய நாள் இரவு 8.30. இலங்கைக்கும் இதே கணக்கு. பரீட்சை நாளில் கம்பேக் வந்தால் பரீட்சைக்குப் போங்கள். பாட்டு மாலையிலும் இருக்கும்.

எண்ணிக்கை வேலை

ஸ்ட்ரீமிங், ஓட்டு என்று ஒரு பெரிய உலகம் இருக்கிறது. 2017 மே மாதம் பில்போர்டு விருதுகளில் சமூக ஊடகக் கலைஞர் விருதை பிடிஎஸ் வாங்கியது ரசிகர்கள் போட்ட ஓட்டில். கொரிய மொழிப் பாட்டை அமெரிக்க வானொலிகள் கண்டுகொள்ளாத காலத்தில் ரசிகர்கள்தான் தூக்கிப் பிடித்தார்கள். 2021 மே மாதம் ‘பட்டர்’ வீடியோவை 24 மணி நேரத்தில் 10.8 கோடி முறை பார்த்தார்கள். அதில் பங்கு எடுத்ததில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனாலும் புதியவர்களுக்கு நான் சொல்வது, முதல் மூன்று மாதம் இதைத் தொடாதீர்கள். இரவெல்லாம் விழித்து ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, கடைசியில் அந்தப் பாட்டே பிடிக்காமல் போனவர்களை எனக்குத் தெரியும். “நீ எத்தனை முறை ஓட்டினாய், ஸ்க்ரீன்ஷாட் போடு” என்று அதட்டுகிற குழுவில் இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் கிடையாது.

எண்ணிக்கையில் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. 2020 ஜூனில் அமெரிக்காவின் பிளாக் லைவ்ஸ் மேட்டர் இயக்கத்துக்கு பிடிஎஸ்ஸும் பிக் ஹிட்டும் 10 லட்சம் டாலர் கொடுத்தது தெரிந்தவுடன், ரசிகர்கள் தாங்களும் அதே அளவு திரட்ட முடிவெடுத்தார்கள். ஏறக்குறைய ஒரே நாளில் திரட்டியும் விட்டார்கள். முன்னால் நின்றது ‘ஒன் இன் அன் ஆர்மி’ என்ற ரசிகர் தன்னார்வக் குழு. பெரிய பணக்காரர்கள் யாரும் தேவைப்படவில்லை, சின்னச் சின்னத் தொகைகள்தான் சேர்ந்தன. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது இந்திய ரசிகர்களும் இதே முறையில் நிதி திரட்டினார்கள். ஏழு பேரில் ஒருவருக்குப் பிறந்தநாள் வந்தால் உங்கள் ஊரில் ரத்த தானமோ, பள்ளிக்கு நோட்டுப் புத்தகமோ யாராவது ஏற்பாடு செய்வார்கள். நம்பிக்கையாகச் சேரக்கூடிய இடம் அது.

காசு விஷயம்

ஆல்பம் என்றால் சிடி மட்டும் இல்லை. படப் புத்தகம், போஸ்டர், கூடவே ஏழு பேரில் யாருடையது என்று முன்கூட்டித் தெரியாத ஒரு போட்டோகார்டு. அது ஏறக்குறைய ஏடிஎம் அட்டை அளவுதான் இருக்கும். ஆனால் அதற்காக ஒரே ஆல்பத்தை நாலு முறை வாங்குகிறவர்கள் உண்டு. நீங்கள் ஒன்று வாங்குங்கள், போதும். வாங்காவிட்டாலும் ஆர்மிதான். கணக்கு கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

கொரியாவிலிருந்து ஒற்றை ஆல்பம் வரவழைத்தால் அஞ்சல் செலவே ஆல்பத்தின் விலையைத் தொட்டுவிடும், மேலே சுங்க வரியும் வரலாம். அதனால் பத்து இருபது பேர் சேர்ந்து ஒரே பெட்டியாக வரவழைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இதுதான் ஜிஓ, அதாவது குரூப் ஆர்டர். நல்ல ஏற்பாடு, ஆனால் முழுக்க நம்பிக்கையில் நடப்பது. 2019-ல் நான் சேர்ந்த ஒரு குரூப் ஆர்டரில், நடத்தியவர் 2,300 ரூபாய் வாங்கிக்கொண்டு மூன்று மாதம் “சுங்கத்தில் நிற்கிறது” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் கணக்கையே மூடிவிட்டார். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம். நான் கேட்காமல் விட்டதை நீங்கள் கேளுங்கள்: இதற்கு முன் எத்தனை ஆர்டர் முடித்திருக்கிறார், வாங்கியவர்கள் யார், அவர்களிடம் நேரே பேசலாமா, கடையில் ஆர்டர் போட்ட ரசீது எங்கே, கூரியர் எண் எப்போது வரும். இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுகிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

ஆர்மி பாம் வாங்க அவசரமே இல்லை. போலிகள் நிறைய விற்கின்றன. கச்சேரியில் ஆயிரக்கணக்கான விளக்குகள் ஒரே நேரத்தில் நிறம் மாறுவது ப்ளூடூத் இணைப்பினால், போலியில் அது பொதுவாக வேலை செய்யாது. கச்சேரிக்குப் போகும் நாள் வரட்டும்.

வீட்டில் சொல்லுங்கள்

இதைப் பள்ளியில் படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டுப் பள்ளி மாணவிகள் மூன்று பேர் பிடிஎஸ்ஸைப் பார்க்க சியோலுக்குப் போகலாம் என்று, கையில் சில ஆயிரம் ரூபாயோடு, யாரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள். துறைமுகம் போய்க் கப்பல் ஏறலாம் என்பது அவர்கள் திட்டம். நல்லவேளையாக வழியிலேயே ரயில் நிலையத்தில் மீட்கப்பட்டு வீடு வந்து சேர்ந்தார்கள். செய்தி வந்த அன்று ஊரே சிரித்தது, திட்டியது. எனக்கு மனசு ஆறவில்லை. பிடித்ததை வாய்விட்டுப் பேச அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பக்கத்தில் வயதில் பெரிய ஆர்மி ஒருவர் இருந்திருந்தால் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

அதனால், அம்மாவையோ அக்காவையோ பக்கத்தில் உட்காரவைத்து ஒரு பாட்டைப் போட்டுக் காட்டுங்கள். ‘போகோ ஷிப்தா’ என்றால் என்னவென்று தமிழில் சொல்லுங்கள். ஆர்எம் 2018 செப்டம்பரில் ஐ.நா. சபையில் பேசிய பேச்சைக் காட்டுங்கள். உன் பெயர் என்ன, நீயே உன்னைப் பற்றிப் பேசு என்று இளையவர்களைப் பார்த்துச் சொன்ன பேச்சு அது. எல்லா அம்மாவும் உடனே ஒத்துக்கொள்ளமாட்டார்கள், ஆனால் நீங்கள் யாரோடு பேசுகிறீர்கள் என்று தெரிந்திருக்கும். ரசிகர் குழுக்களில் உண்மைப் பெயர், பள்ளி, வீட்டு முகவரி, போன் எண் எதையும் சொல்லாதீர்கள். தனியாகச் சந்திக்கலாம், பிடிஎஸ் டிக்கெட் வாங்கித் தருகிறேன், ஜிமினின் நம்பர் என்னிடம் இருக்கிறது என்று யார் சொன்னாலும் பொய். ஏழு பேரில் ஒருவராக நடித்து மெசேஜ் அனுப்பிப் பணம் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். உண்மையான ஏழு பேரும் ரசிகர்களோடு பேசுவது வீவர்ஸ் செயலி போன்ற அதிகாரபூர்வ இடங்களில், எல்லோரும் பார்க்கும்படிதான்.

மற்றக் குழுக்களின் ரசிகர்களோடு சண்டை வரும். பதில் எழுதாமல் நகர்ந்துவிடுங்கள். ஏழு பேருக்குள்ளேயே ஒருவரை உயர்த்த இன்னொருவரை மட்டம்தட்டுகிற கணக்குகளை உடனே பிளாக் செய்யுங்கள். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

பேசத் தொடங்குவது

கொஞ்ச நாள் படித்துப் பழகிய பிறகு எழுத ஆரம்பியுங்கள். ஆங்கிலம் வராதே என்று தயங்குகிற தமிழ்ப் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். தமிழிலேயே எழுதுங்கள். ஒரு பாட்டின் நாலு வரியை எடுத்து, இரண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகளை வைத்து, அகராதியில் கொரியச் சொல்லையும் பார்த்து, உங்கள் வீட்டுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். எந்த மொழிபெயர்ப்பைப் பார்த்தீர்கள் என்று கீழே எழுதிவிடுங்கள். தப்பு இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துவார்கள், கோபித்துக்கொள்ளாமல் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழில் இந்த வேலையைச் செய்ய ஆள் இன்னும் நிறைய வேண்டும்.

நல்ல நாள் பார்த்துத் தொடங்க வேண்டுமென்றால் ஃபெஸ்டா இருக்கிறது. அங்கே ஜூன் 13 பிறக்கும்போது நமக்கு 12-ஆம் தேதி இரவு 8.30. அந்த நேரத்தில் உலகம் முழுக்க எல்லா மொழிகளிலும் பிறந்தநாள் வாழ்த்து வந்து குவியும். இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டு வந்து உட்காருங்கள். புதுசு என்று சொல்லியே தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். நான் ஒவ்வொரு வருடமும் அந்த நேரத்தில் தமிழ் வாழ்த்துகளைத் தேடிப் படிப்பேன், பதிலும் எழுதுவேன்.